காப்பிக் களத்தில் இரண்டு சேஸிஸ்

சேஸிஸ் என்றால் சேலம் பக்கத்தில் எல்லோருக்கும் இன்னும் பாடி கட்டாத லாரிதான் ஞாபகம் வரும். மலைமேல் மஞ்சக்குட்டையில், எங்கள் காப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் மினி லாரி வந்து இரண்டு சேஸிஸை இறக்கியதும் அம்மா கேட்டது அதைத்தான்.

"ஏங்கண்ணு, இதுக்குப் பாடி எப்பக் கட்டுவாங்க?"

"பாடியெல்லாம் இல்லம்மா. ரேஸ் காரு. ஒருத்தர் மட்டும் உக்காந்து ஓட்டறது."

"இத்தாச்சோட்டுப் பெரிய வண்டியில ஒத்த ஆளா?" என்று அம்மா முகத்தைச் சுளித்தார். காலி இடத்தோடு ஓடும் வண்டியை எங்கள் மலையில் யாரும் மதிப்பதில்லை.

நான் ஓட்டும் போட்டித் தொடரில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. ஜெயிப்பதும் தோற்பதும் ஓட்டுகிற கையைப் பொறுத்தது. பழைய சேஸிஸைச் செய்து கொடுத்த கம்பெனி தொழிலை விட்டுவிட்டதால் புதிதாக இரண்டு கம்பெனிகள் வந்து நின்றன. ஒன்று நீல வண்டி, மற்றது வெள்ளை. ஓட்டுகிற ஆறு பேரும் சீட்டு எழுதிப் போடட்டும், எதற்கு அதிகமோ அதுதான் என்று அமைப்பாளர் சொல்லிவிட்டார். மற்ற ஐந்து பேரும், எல்லாம் என்னை அக்கா என்று கூப்பிடும் பையன்கள், கோவை டிராக்கில் ஓட்டிப் பார்த்தபோது எனக்குக் காய்ச்சல். நான் உட்கார்ந்து பார்க்காமல் சீட்டுப் போடக் கூடாது என்றார் அமைப்பாளர். கீழே வெயில் மண்டையைப் பிளந்தது. "எங்க ஊட்டுக்கே வாங்க" என்று வாயை விட்டேன். குளிருக்கு ஆசைப்பட்டு மொத்தக் கூட்டமும் ஏறி வந்துவிட்டது.

நீலம் பறக்கிறது, வெள்ளை மூட்டை தூக்கின மாடு மாதிரி போகிறது என்று ஐந்து பேரும் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தார்கள். அதனால் நீலத்தில்தான் முதலில் இறங்கினேன். நான் நல்ல உயரம். முழங்கால் இரண்டும் ஸ்டீயரிங்குக்குக் கீழே போய் முட்டின.

"எப்பிடிங்க இருக்கு?" என்றார் அமைப்பாளர்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்."

எங்கள் ஊர் ஷேர் ஜீப்பில் இடமில்லை என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. டிரைவரே பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டுவார். பிறந்ததிலிருந்து அந்த ஜீப்பில் போய் வந்த வாய், வேறு என்ன சொல்லும்?

"சரிங்க, தீப்புடிச்சிருச்சுன்னு வெச்சுக்குங்க. சட்டுனு எறங்குங்க."

இறங்க முடியவில்லை. நெளிந்தேன், முக்கினேன், கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துப் பிடுங்கி எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தோம். அமைப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதுல உங்கள ஓட்ட உட முடியாதுங்க."

உட்காரும் கூட்டை அகலப்படுத்த முடியுமா என்று கேட்டதற்கு, ஒரே அச்சில் வார்த்தது, வழியில்லை என்று நீல வண்டிக் கம்பெனிக்காரர் கையை விரித்தார். வெள்ளையில் அம்சமாக உட்கார்ந்தேன், ஒரே தாவில் வெளியே வந்தேன். ஆக, நீலம் ஜெயித்தால் என் ரேஸ் அன்றோடு முடிந்தது. இந்த வயதில் வேறு எந்தத் தொடரிலும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

அம்மா காப்பி கொண்டுவந்தார். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, வண்டி மேல் இல்லை, என் கால்கள் மேல். பையன்களில் ஒருவன் "அக்கா..." என்று இழுத்தான்.

"எம் மூஞ்சியப் பாத்து ஒருத்தரும் எழுதாதீங்க" என்று வெடித்தேன்.

பரிதாபத்தில் கிடைத்த வண்டியை எந்த முகத்தோடு ஓட்டுவது? நல்ல வண்டி எதுவென்று எனக்கும் தெரியும். வீம்பாக நீலம் என்று எழுதி, மடித்து, அம்மாவின் அரிசிப்படிக்குள் போட்டேன். மற்ற ஐந்து பேரும் எழுதிப் போட்டார்கள்.

அமைப்பாளர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். வெள்ளை. வெள்ளை. மறுபடியும் வெள்ளை. நான்காவது நீலம். மிச்சம் இரண்டும் வெள்ளை.

ரேஸில் எப்போதும் எனக்குப் பின்னால் இரண்டாவதாக வருகிறவன் காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். நான் போனால் முதலிடம் அவனுக்குத்தான்.

"எவன்டா நீலம் எழுதுனது? அக்கா இல்லாம ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?"

"நானில்லை", "சத்தியமா நானில்லைங்க" என்று மற்றவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டது. நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கையைத் தூக்கினேன்.