ஒன்பது நொடிக் குரல்

ஐஸ்பெட்டி அக்காவுக்கு மூக்கின் மேல் கோபம் என்பார்கள். உண்மைதான். அந்தக் கோபத்தின் பாதி, சுகாதார நிலையத்தின் பின்னறையில் இருக்கும் தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு உரியது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அதன் வெப்பமானியைப் பார்த்துத் தாளில் எழுதுவது அவள் வேலை. இரண்டு டிகிரிக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவள். மருந்துப் பெட்டிகளில் ஒட்டியிருந்த தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்துத் தானாகவே இந்த வேலைக்கு வந்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்தத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை. ஒரு தடவை புதிதாக வந்த மருந்தாளர் தன் சாப்பாட்டு டப்பாவை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டார். டப்பா முற்றத்தில் கிடைத்தது. மூடியை இன்னும் தேடுகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு முழுக்க மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது, மாற்றுங்கள் என்று அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் மேலே யாருக்கும் காது கேட்கவில்லை. திங்கள் காலை வெப்பமானி பத்தொன்பது காட்டியது. தட்டம்மை மருந்துக் குப்பிகளை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வெளிறியிருந்தால் மருந்து நல்லது. சூடு படப்பட அது கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டால் எறிந்துவிட வேண்டியதுதான். எல்லாச் சதுரங்களும் கறுத்திருந்தன.

ஒரு கையால் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திக்கொண்டே, மறு கையால் போனில் குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஊசி வேலைக்கான வாட்ஸ்அப் குழுவில் பேசினாள்: “யாருக்கும் இந்தத் தட்டம்மை ஊசியைப் போடாதீங்க. கெட்டுப்போச்சு. குழந்தைக்குப் போட்டா நாமதான் பதில் சொல்லணும்.” கதவு சரியாக மூடாததால் அதை ஓங்கித் தள்ளியபோது, பொத்தானிலிருந்து விரல் நழுவியது. அதுவரை பேசிய ஒன்பது நொடிக் குரல் குழுவுக்குப் போய்விட்டது. அடுத்த நிமிஷமே மீதியைச் சொன்னாள்: “புது மருந்து மத்தியானம் வந்துடும். அது நல்ல மருந்து. புதன்கிழமை காப்பகத்துல எல்லாருக்கும் போடலாம்.”

குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருக்கும் அவளுடைய அண்ணியும் அந்தக் குழுவில் இருந்தாள். முதல் குரலைக் கேட்டதும் தெருவில் பன்னிரண்டு தாய்மார்களுக்கு அனுப்பினாள். இரண்டாவதைக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்த ஒன்பது நொடிக்கு ஒரு முகம் முளைத்துவிட்டது. எவனோ ஐஸ்பெட்டி அக்காவின் படத்தை ஒட்டி, ‘ஊழியரே ஒப்புக்கொண்டார்! இரண்டு குழந்தைகள் பலி!’ என்று கீழே எழுதியிருந்தான். செத்தது யார், எங்கே, யாரும் கேட்கவில்லை. தெரியாத நம்பர்களிலிருந்து கொலைகாரி என்று கூப்பிட்டார்கள்.

புதன்கிழமை நாற்பத்தொரு குழந்தைகள் வர வேண்டும். நான்கு வந்தன. பின்தெருவில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருந்தது.

“பொய்னு மறுத்து ஒரு செய்தி போட்டுடலாமா?” என்றார் டாக்டர்.

“எப்படி டாக்டர் மறுப்பேன்? அது என் குரல். நான் சொன்னதுதான். அதுதானே வயித்தெரிச்சல்!”

புது மருந்து வைத்த ஐஸ்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி அடுக்களையில் இருந்தாள். அவளுடைய மருமகள் பத்து மாதப் பேத்தியை இடுப்பில் வைத்திருந்தாள். வராத முப்பத்தேழில் அதுவும் ஒன்று.

“ரெண்டாவது குரலைக் கேட்டீங்களா?”

“கேக்கத்தான் போனேன். பால் பொங்கிடுச்சு.”

“பால் பொங்கினா அடுப்பை அணைக்கத் தெரியுது. இது ஊரெல்லாம் பொங்குதே, இதை எப்ப அணைப்பீங்க?”

“ஏன் இப்படிக் கத்தறே? உன் குரலாச்சேன்னு நம்பி, நல்லதுக்குத்தான் அனுப்பினேன். பன்னெண்டு பேருக்குத்தான்!”

“கெட்டுப்போன குப்பியை ஒண்ணொண்ணா எண்ணிப் பையில கட்டி, கையெழுத்து போட்டு ஒப்படைச்சேன். ஒண்ணுகூட வெளிய போகல. நீங்க அனுப்பினதை எந்தப் பையில கட்டுவேன்?”

மருமகள் வாயைத் திறந்தாள். “நீங்கதானே சின்னத்தை போடாதீங்கன்னு சொன்னீங்க. இப்ப போடுன்னா நான் எதை நம்பறது?”

நியாயமான கேள்வி. அதனாலேயே அக்காவுக்கு இன்னும் எரிந்தது. முதலில் தன் போனிலிருந்த இரண்டு குரலையும் வரிசையாகப் போட்டாள். பிறகு திங்களன்று கறுத்த சதுரத்தை எடுத்த படத்தைக் காட்டினாள். பெட்டியைத் திறந்து புதுக் குப்பி ஒன்றை அவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“என்னை நம்ப வேண்டாம். சதுரத்தைப் பாரு. எது வெளுப்பு?”

மருமகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது.”

“சொல்லிட்டேல்ல? மூடறேன், குளிர் போயிடும்.”

“சரி சின்னத்தை. ஆனா வீட்டுக்குள்ள வேண்டாம். காப்பக வாசல்ல, எல்லாரும் பாக்கப் போடட்டும்.”

“அதுக்கு எல்லாரும் வரணுமே?” என்று அண்ணி பக்கம் திரும்பினாள் அக்கா. “நீங்க பன்னெண்டு வீட்டுக்கும் போங்க. போன்ல இல்ல, கால்ல. வாசல்ல நின்னு ரெண்டாவதைப் போட்டுக் காட்டுங்க. அவங்க யாருக்கு அனுப்பினாங்களோ அவங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க.”

“எனக்கு முழங்கால் வலி.”

“அனுப்பும்போது விரல் வலிச்சுதா?”

அண்ணி முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

அன்று மாலை நான்கு மணிக்குக் காப்பக வாசலில் இருபது பேர் நின்றார்கள். சிலர் குழந்தையோடு, சிலர் வேடிக்கை பார்க்க. நர்ஸ் மருந்தைக் கலந்து ஊசியை எடுத்தாள். அண்ணி அவசர அவசரமாகத் தன் போனை நீட்டினாள், பேத்தியை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்ப.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. போனைப் பிடுங்கப் போன கை பாதியில் நின்றது. திங்களன்று முதலில் விரலை எடுத்தது தானல்லவா?

“எடுங்க. ஆனா குப்பியிலேருந்து ஆரம்பிச்சு எடுங்க. சதுரம் தெரியணும். ஊசி தெரியணும். புள்ள அழணும், அழுது முடிச்சுச் சிரிக்கணும். அதுவரைக்கும் அந்த விரலை எடுத்தீங்கன்னா பாருங்க!”

பேத்தி வீலென்று அலறியது. அண்ணியின் விரல் அசையவில்லை. அக்கா போன் திரையை முறைத்தபடி பக்கத்திலேயே நின்றாள். வரிசையில் அடுத்தவள் குழந்தையின் சட்டைக் கையை மேலே ஏற்றத் தொடங்கினாள்.