டெல்லி லைனும் என் சந்தனமும்

கல்கத்தாவில் நாங்கள் இருந்த ஒன்பது வருஷங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாக இருக்கும். லேக் மார்க்கெட்டில் மாடி வீடு. கீழே இறங்கினால் முருங்கைக்காயிலிருந்து காப்பிப்பொடி வரை எல்லாம் கிடைக்கும். பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக சயன்ஸ் டீச்சர் வேலை. டிசம்பரில் நிரந்தரமாகிவிடும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் குருமூர்த்திக்கு டல்ஹௌசியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. பரம சாது. ஆனால் ஒரு வேலை அரைகுறையாக நின்றால் சோறு இறங்காது. அப்படிப்பட்ட மனுஷரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும்.

மாற்றல் உத்தரவுகள் டெல்லியிலிருந்து தபாலில் வரும். செப்டம்பர் முப்பதுக்குள் கைக்குக் கிடைத்தால்தான் செல்லும். தபால்காரர் தாமதமாக வந்த புண்ணியத்தில் இரண்டு தடவை தப்பித்திருந்தோம். 1986இல் அதற்கும் உலை வைக்க டெல்லி லைன் வந்தது. டெலிபோன் கம்பி வழியாக இங்குள்ள கம்ப்யூட்டர் டெல்லி கம்ப்யூட்டரோடு பேசுமாம். மாற்றல் உத்தரவும் இனி அதிலேயே அன்றைக்கன்றே வந்துவிடுமாம். பேசுகிற வசதி அதற்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்குமாம். அதை எழுப்பி, நம் நம்பர் இது, டெல்லி நம்பர் இது, இந்த வேகத்தில் பேசு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கம்பியோடு சேர்க்கிற மோடம் பெட்டியின் பின்பக்கம் எட்டுப் பொடி சுவிட்சுகள். அவற்றையும் சரியாகத் தள்ளிவைக்க வேண்டும். இவர் ஒரு வாரம் மெனக்கெட்டு எல்லாம் செய்தார். லைன் வந்துவிட்டது.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு அந்த ஊரில் இயந்திரங்களுக்கு ஓய்வு. இவரோ நம் ஊர் ஆயுத பூஜை வழக்கப்படி, நான் அரைத்துக் கொடுத்த சந்தனத்தைக் கொண்டுபோய் எல்லாப் பெட்டிக்கும் முன்னும் பின்னும் பொட்டு வைத்தார். அதற்கடுத்த நாளிலிருந்து லைன் வரவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தினமும் சாயங்காலம், "லைன் வந்துதா?" என்று கேட்பேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார். நான் இன்னொரு தோசை போடுவேன்.

இருபத்தைந்தாம் தேதி அவர் தோசையைத் தொடவில்லை.

"சந்தனம்தான் வத்சலா. பொட்டு வைக்கறச்சே என் கட்டைவிரல் பட்டு ஒரு சுவிட்ச் நகர்ந்திருக்கு. மேலே சந்தனம் காஞ்சு மூடிண்டிருக்கு. பூஜைப் பொட்டுன்னு யாரும் அதைத் தொடலை."

"அப்படியே இருக்கட்டுமே. இன்னும் அஞ்சே நாள்."

"தபனுக்கு மெமோ குடுத்துட்டா. கம்பி இழுத்தது அவன்தானே, அவன் தப்புங்கறா."

தபன் இவருடைய பிரிவில்தான் இருந்தார். என்னை வாய் நிறைய "பௌதி, பௌதி" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவார். எனக்கு டைபாய்டு வந்தபோது ஆற்றுக்கு அக்கரையில் ராமகிருஷ்ணபூரிலிருந்து இளநீர் சுமந்து வந்தவர். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் கண்ணுக்குள் வந்தது. அழுகையும் வந்தது. நான் வேண்டாம் என்றால் இவர் அந்த சுவிட்சைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதுதான் கோபமாக இருந்தது.

கொண்டையிலிருந்து ஊசியை உருவி அவர் முன்னால் வைத்தேன்.

"இதால சுரண்டிடுங்கோ. உங்க தப்புதான்னும் சொல்லிடுங்கோ."

மறுநாள் காலையில் சுரண்டினார். பதினொரு மணிக்கு லைன் வந்தது. மத்தியானம் டெல்லியிலிருந்து மாற்றல் பட்டியல் வந்தது. மூன்றாவது பெயர் இவருடையது. ஊர் நாக்பூர்.

துர்கா பூஜைக்கு நாலு நாள் முன்னால் கிளம்பினோம். தேசப்பிரிய பார்க்கில் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹௌரா ஸ்டேஷனில் தபன் சந்தேஷ் இனிப்புப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "அதுக்கப்புறம் லைன் ஒரு நிமிஷம்கூட அறுந்துபோகல பௌதி," என்றார். பாவம், எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

நாக்பூரில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. தபனுக்கு நான் செய்தது சரிதான், அதில் இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கல்லில் சந்தனம் இழைக்கும்போது, அன்றைக்கு இதைக் கொஞ்சம் தண்ணியாக அரைத்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது. பொட்டு தன்னால் உதிர்ந்திருக்கும். சுவிட்சை யாராவது பார்த்துச் சரிசெய்திருப்பார்கள். நான் ஊசியைக் கொடுக்க வேண்டியிருந்திருக்காது.