தண்ணீர் திரும்பும்போது இரண்டு தட்டு

படகில் "டொக்" என்று சத்தம் வந்தால் நான் முதலில் புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டைப் பார்ப்பேன். அடுத்து ஷாஃப்ட் வெளியே போகிற துளையில் இருக்கும் ஸ்டெர்ன் டியூப் புஷ். பிறகு எஞ்சின் மவுண்டிங் போல்ட். அங்கேயும் இல்லையென்றால் வெளியே மிதந்து வந்து மோதும் கட்டை. இந்த நாலில் ஏதாவது ஒன்றில் சத்தம் பிடிபட்டுவிடும். நான் டீசல் மெக்கானிக்காக வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் பிடிபடாமல் போன சத்தம் ஒன்றே ஒன்று.

பிள்ளைகளே, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று உங்கள் அம்மா சொன்னாள். நீங்கள் பயந்துகொள்வீர்களாம். நீங்களும் ஒரு நாள் ஆளை வைத்து வேலை வாங்கப்போகிறவர்கள். அதனால் எழுதுகிறேன். தமிழ் வார்த்தை எதுவும் புரியாவிட்டால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

1. வெற்றிலை வாய்க்காரர்

லான்மடாவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஜோசப் சாரிடம் ஒரு வெள்ளைப் படகு உண்டு. சரக்கு ஏற்றுகிற படகு அல்ல. உள்ளே சோபா, சின்ன அடுப்பு, படுக்க இரண்டு பங்க் எல்லாம் உள்ள உல்லாசப் படகு. விடுமுறையில் குடும்பத்தோடு ஆற்றில் போய்வருவார்கள். அதைப் பஸுண்டாங் ஓடையில் கட்டி வைத்திருந்தார்கள். எஞ்சினைப் பார்க்க நான் போவேன். காவலுக்கு ஆறுமுகம் அண்ணன் இருந்தார், அவர் வீடும் ஓடைப் பக்கம்தான்.

படகுக் காவல் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை என்று நினைக்காதீர்கள். நம் ஆற்றில் தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆளுயரத்துக்கும் மேல் ஏறி இறங்கும். இறங்கும்போது கயிற்றைத் தளர்த்திவிடாவிட்டால் படகு கயிற்றில் தொங்கும். ஏறும்போது இழுத்துக் கட்டாவிட்டால் அலைந்து பக்கத்துப் படகில் இடிக்கும். அதனால் தண்ணீர் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஆறுமுகம் அண்ணன் சாம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகில் ஏறி, படகை ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றையும், இடி தாங்கத் தொங்கும் ஃபென்டரையும் பார்ப்பார். பார்த்து முடித்ததும், சுக்கான் இருக்கிற வீல்ஹவுசுக்குக் கீழே வெளிப்பக்கம் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். எல்லாம் சரி என்று அர்த்தம்.

சார் ஏதாவது வேலை சொன்னாலும் பதில் அந்த இரண்டு தட்டுதான். வாய் நிறைய வெற்றிலை இருக்கும். வாயைத் திறந்தால் சாம்பான் சிவந்துவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம். சார் கடையில் எல்லோருக்கும் பர்மீஸில்தான் உத்தரவு போடுவார். ஆறுமுகம் அண்ணனுக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் தமிழர்கள். ஆனாலும் இருவரும் தமிழில் பேசி நான் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். சார் அப்போது கண் ஆபரேஷனுக்காகச் சிங்கப்பூரில் இருந்தார். சாவுச் செலவுக்கு ஆள் மூலம் உதவி அனுப்பினார்.

2. மா மூ கேட்டது

குளிர்காலம் வந்தது. ஓடையில் சேறு ஏறி, சரக்குப் படகுகளும் பெருகி, வெள்ளைப் படகுக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஷ்வேப்யிதா பக்கம் சாருடைய தம்பிக்கு ஆற்றோரத்தில் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டிய சின்னக் கால்வாயில் படகை நிரந்தரமாகக் கட்டுவதென்று முடிவாயிற்று. சார் படகுக்கு வெளியே முழுக்கப் புது வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் டீசல் லைனில் காற்று எடுத்துக்கொண்டிருந்தேன். படகுத்துறையில் ஆறுமுகம் அண்ணனுடைய மகள் முத்துமாரி வந்து நின்றாள். மா மூ என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை.

"மாமா, நாளைக்குப் படகு போகுதாமே."

"ஆமாம்மா. உன் ஃபேக்டரி பக்கம்தான் வருது."

"அப்பாகிட்ட யாரும் சொல்லலியே மாமா."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

நம் ஊர் ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேலையில் இருக்கும் ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய மேலதிகாரி "உன்னை வேலையிலிருந்து விடுவித்தாயிற்று" என்று எழுதிக் கொடுப்பார், அல்லது பிணத்தின் பக்கத்தில் நின்று வாயால் சொல்வார். சொல்லாவிட்டால் அவருடைய லெய்ப்யா, அதாவது பட்டாம்பூச்சி போன்ற உயிர், டூட்டிக்கு வந்துகொண்டே இருக்கும் என்பார்கள். ஆபீஸில் இதை மறக்க மாட்டார்கள். ஒரு படகுக் காவல்காரனுக்கு அதைச் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. படகு கிளம்பினால் காவலும் தானாகவே முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துவிட்டோம்.

"ஏழாம் நாள் சோறு வெச்சோம். எல்லாரும் வந்தாங்க, சார் வரலை" என்றாள் மா மூ. "அம்மா இன்னும் தண்ணி திரும்புற நேரத்துக்கெல்லாம் எந்திரிச்சுக் கதவைத் திறந்து விடறா. ஏம்மான்னா, அப்பா டூட்டிக்குப் போகணும்ங்கறா. தூங்கறதே இல்லை. நாளைக்கு இந்தப் படகு போயிட்டா அப்பா பின்னாலயே வந்துருவாரு. அங்கேர்ந்து வீட்டுக்கு அவருக்கு வழி தெரியாது மாமா. சாரை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே சாருக்கு போன் போட்டேன். கதவைத் திறந்து விடுகிற விஷயத்தையும் விடாமல் சொன்னேன்.

"ராஜு, நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். செத்தவனுக்கு ஆர்டர் போடச் சொல்றியா? நீ எஞ்சினைப் பாரு."

3. ஓடை வாயில்

காலையில் கிளம்பினோம். நான், சார், சுக்கானி ஊ பா சோ, மூன்று பேர். ஊ பா சோ பேசியதெல்லாம், சார் என்னிடம் போனிலும் படகிலும் பேசியதெல்லாம் பர்மீஸில். இங்கே தமிழில் எழுதுகிறேன். நல்லபடியாகப் போய்ச்சேர வேண்டும் என்று படகின் மூக்கில் ஊ பா சோ பச்சை இலைக்கொத்து ஒன்றைச் சொருகியிருந்தார். மா மூ சொன்னதை அவரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இலைக்கொத்தை இன்னும் ஆழமாகச் சொருகினார்.

வற்றுகிற தண்ணீரோடு ஓடையை விட்டு வெளியே வந்து, பெரிய ஆற்றில் ஏற்றத் தண்ணீருக்காக நங்கூரம் போட்டோம். அந்தத் தண்ணீர்தான் எங்களை மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எஞ்சினை நிறுத்தினேன். ஊ பா சோ பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினார். தண்ணீர் நின்றது. படகு சங்கிலியில் மெதுவாகத் திரும்பியது.

டொக், டொக்.

என் காது எஞ்சின் காது, பாதி மந்தம். அதனால் எனக்குக் கேட்கவில்லை, உள்ளங்காலில் தெரிந்தது. டீ ஊற்றிய கை அப்படியே நிற்பதைப் பார்த்துத்தான் அவருக்கும் கேட்டது என்று தெரிந்துகொண்டேன்.

"வீட்டுல பொண்டாட்டி கூப்பிட்டா உனக்குக் காது கேக்காது. இது கேட்டுச்சா?" என்றார்.

"கட்டை மோதியிருக்கும் ஊலே." ஊலே, அதாவது மாமா, என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம்.

"போய்ப் பாரு. நீதானே மெக்கானிக்."

பார்த்தேன். ஷாஃப்ட் சும்மா நிற்கிறது. மவுண்டிங் போல்ட் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன், இறுக்கம். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை உள்பக்கப் பலகையில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். தண்ணீர் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. மேலே ஏறி, வெளிப்பக்கம் குனிந்து பார்த்தேன். வீல்ஹவுசுக்குக் கீழே கட்டை இல்லை, கயிறு இல்லை. பழுப்புத் தண்ணீர் வழுவழுவென்று நின்றது. சாம்பானில் உட்கார்ந்த ஆளுக்குக் கை எட்டுகிற உயரத்தில் புதுப் பெயிண்டில் ஒரு சொட்டு ஈரம். பனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சார் உள்ளே சோபாவில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சத்தம் ராஜு?"

"தெரியலை சார். எஞ்சின்ல இல்லை."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். திரை அணைந்திருந்தது. அணைந்த திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

4. பனி

ஏற்றத் தண்ணீரில் நகரத்துப் படகுத்துறைகளைத் தாண்டி, வடக்கே லைங் ஆற்றுக்குள் திரும்பினோம். பயின்நாங் பாலத்துக்கு அடியில் போனபோது தலைக்கு மேலே லாரிகள் ஓடுவது தெரிந்தது. அதற்கு மேலே போனதும் பனி இறங்கியது. குளிர்காலத்தில் அந்த ஆற்றில் வெயில் வந்த பிறகும் பனி இறங்குவதுண்டு. முதலில் கரை போனது, பிறகு தண்ணீர் போனது, கடைசியில் படகின் மூக்கில் இருந்த இலைக்கொத்தும் தெரியவில்லை. மணல் பார்ஜ்கள் போகிற வழி என்பதால் ஊ பா சோ ஓரம் ஒதுங்கி நங்கூரம் போட்டார்.

காத்திருந்தோம். தம்பியுடைய கால்வாயின் வாய் மேடானது. தண்ணீர் முழுக்க ஏறி நிற்கும்போது மட்டும்தான் உள்ளே நுழைய முடியும். நேரம் தவறினால் அடுத்த ஏற்றம் இருட்டில்தான்.

பனி மெல்லக் கலைந்தது. கரையோரத்து வாழைகள் தெரிந்தன. தண்ணீர் நிறைந்து, ஓட்டம் நின்று, ஆறு ஒரு தட்டு போலக் கிடந்தது.

டொக், டொக்.

இந்தத் தடவை சார் எழுந்து வீல்ஹவுசுக்கு வந்தார். "நங்கூரத்தைத் தூக்குங்க. பனிதான் போயிருச்சே. போகலாம்."

ஊ பா சோ அசையவில்லை. "நான் தூக்க மாட்டேன் சார்."

"ஏன்?"

"டூட்டியில இருக்கிற ஆளை அவருக்குத் தெரியாத இடத்துக்கு நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். புது இடத்துல எந்தக் கயிறு எந்தக் கம்பத்துக்குன்னு அவருக்குத் தெரியாது. தேடிக்கிட்டே சுத்துவாரு. நீங்க வெச்ச ஆளு. நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்லாட்டி?"

"தண்ணி வத்தும். மூணு பேரும் இங்கேயே உக்காந்திருக்கலாம். டீ இருக்கு."

சார் என்னைப் பார்த்தார். நான் நங்கூரச் சங்கிலியைப் பார்த்தேன். எல்லாம் போனில் சொல்லியிருந்தேன். அவர் வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடையில் உத்தரவு போடுகிற அதே குரலில், பர்மீஸில், "ஆறுமுகம், வேலை முடிஞ்சது, போகலாம்" என்றார்.

டொக், டொக்.

சார் கம்பியை விட்டுவிட்டார். மூன்று பேருக்கும் அது புரிந்தது. சார் உத்தரவு போட்டால் ஆறுமுகம் அண்ணன் என்ன செய்வாரோ, அதுதான் நடந்தது. சரி சார் என்று தட்டியிருக்கிறார். போகவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றினார். தண்ணீருக்கு மேலே குனிந்தார். பிறகு தமிழில் பேச ஆரம்பித்தார். பழக்கமில்லாத வாயில் வார்த்தை தடுக்கியது.

"ஆறுமுகம், நான் ஜோசப். ஏழாம் நாள் நான் வரலை. ஊர்ல இல்லை. வந்தப்புறமாவது வீட்டுக்கு வந்திருக்கணும். நீ இருந்த வரைக்கும் ஒரு கயிறு அறுந்ததில்லை. நான் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. இனிமே படகை நாங்க பாத்துக்கறோம். நீ வீட்டுக்குப் போப்பா. உன் சம்சாரம் கதவைத் திறந்து வெச்சிருக்காங்க."

நாங்கள் காத்திருந்தோம். உள்ளங்காலைப் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை.

ஊ பா சோ மட்டும் தலையை மெதுவாகத் திருப்பினார். படகின் பக்கத்திலிருந்து பின்னால், ஆறு போகிற பக்கமாக, எதையோ பார்த்துக்கொண்டே திருப்பினார். சாம்பான் போனால் எந்த வேகத்தில் பார்ப்போமோ அந்த வேகம்.

"என்ன ஊலே?"

"ஒண்ணுமில்லை. தண்ணி வத்த ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு நங்கூரச் சங்கிலியைப் பிடித்தார்.

வற்றுகிற தண்ணீர் போகிற பக்கம்தான் பஸுண்டாங் இருக்கிறது.

5. புதுக் கட்டு

படகின் அடி சேற்றில் உரச உரசக் கால்வாய்க்குள் நுழைந்துவிட்டோம். நானும் ஊ பா சோவும் கயிறு கட்டினோம். சாயங்காலம் தண்ணீர் முழுக்க வற்றி நின்று திரும்பும் நேரத்தில், சார் வீட்டுக்குப் போகாமல் படகிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் திரும்பியது. படகு கயிற்றில் லேசாக அசைந்தது. ஒரு சத்தமும் இல்லை. "போயிட்டான் ராஜு" என்றார். அதில் நிம்மதி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவரே எழுந்து, கைவிளக்கோடு கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த வேலையை அவர் செய்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மா மூ வேலை முடிந்து ஃபேக்டரி உடையோடு கால்வாய்க்கு வந்தாள்.

"சொன்னாரா மாமா?"

"சொன்னாரும்மா."

"என்ன பாஷையில?"

"மொதல்ல பர்மீஸ். அப்புறம் தமிழ்."

அவள் தலையாட்டினாள். "வீட்ல நாங்க தமிழ்தான். பர்மீஸ்ல சொல்லியிருந்தா வேலைன்னுதான் நெனச்சிருப்பாரு." கொஞ்சம் கழித்து, "மத்தியானம் அம்மா போன் பண்ணினா. தண்ணி திரும்பி ரொம்ப நேரம் கழிச்சு, கதவைச் சாத்திட்டுப் படுத்தாளாம். ஏன் சாத்தினேன்னு அவளுக்கே தெரியலியாம்" என்றாள்.

வீல்ஹவுசுக்குக் கீழே புதுப் பெயிண்டில் விரல் முட்டி அளவுக்கு ஓர் இடம் தேய்ந்து, பழைய பெயிண்ட் தெரிந்தது. கட்டை உரசியிருக்கலாம். மெக்கானிக்காக அதைத்தான் சொல்வேன். மா மூ கையை மூடி, முட்டியை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். தட்டவில்லை. அந்த இடத்துக்கு இன்றுவரை சார் பெயிண்ட் அடிக்க விடவில்லை.

இதிலிருந்து நான் கற்றது ஒன்றுதான். வேலை சொல்லத் தெரிந்தவனுக்கு, வேலை முடிந்தது என்று சொல்லவும் தெரிய வேண்டும். வேலை தானாக முடிந்துவிடாது. யாராவது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து எந்த எஞ்சினை மூடினாலும், கூட இருக்கிற ஆட்களிடம், "நல்லா செஞ்சீங்க, முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க" என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டுத்தான் டூல் பாக்ஸை எடுக்கிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு முதலாளி கிடையாது, கடை என்னுடையது. அதனால் என் முறை வரும்போது அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். உங்களுக்குப் பர்மீஸ்தான் வாயில் வரும் என்று தெரியும். ஒரே ஒரு தடவை தமிழில் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். என் காது எஞ்சின் காது.