வீட்டுக்குள் வராத அன்னாசி

மலேசியாவில் அன்னாசிக்கே பேர்போன பெக்கான் நானாஸில் இருந்துகொண்டு அன்னாசி தின்னாத வீடு உண்டா என்றால், உண்டு. கொஞ்ச நாள் எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

அதற்கு முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால், எங்களோடு இருந்த சித்தப்பா தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிள் கூடையில் பழத்தோடு வருவார். சித்தி அதை அறுத்து, நாக்கு எரியாமலிருக்க உப்புத் தடவிக் கொடுப்பார். மஞ்சள் வெயிலும் பழவாசமும் வீட்டுக்குள் ஒன்றாக மிதக்கும். எனக்குக் கண் சொக்கிவிடும். அப்படியும் எரிகிறது என்று சிணுங்கினால் சித்தப்பா சிரிப்பார். "அலமாக்! நீ அதைத் தின்னா, அது உன்னைத் தின்னும்லா!" பொய்யில்லை. கறியையே மெத்தென்று ஆக்கிவிடும் ஒரு பொருள் அதில் இருக்கிறது, சீரணத்துக்கு நல்லது என்று டீச்சரும் சொல்லியிருந்தார்.

ஒருநாள் பழம் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. வாசம்கூட உள்ளே வரக்கூடாதென்று சித்தப்பா சட்டையை வெளியே கழற்றிப் போட்டு, வாசல் குழாயில் கைகால் கழுவிவிட்டுத்தான் நுழைந்தார். அம்மா சித்தியைக் குனிய விடவில்லை. சித்திக்கோ எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

"அன்னாசி நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்களே சித்தி?"

"எல்லாருக்கும் நல்லதுதான்டி செல்லம். எனக்குத்தான் இப்ப ஆகாது," என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். வயிற்றுவலி போல என்று நினைத்தேன்.

சித்திக்கு அன்னாசி என்றால் உயிர். பக்கத்து வீட்டில் அறுக்கும் வாசம் வந்தால் சன்னலோரம் நின்று கண்ணை மூடி முகர்வார், அவ்வளவுதான். பிள்ளைத்தாய்ச்சி அன்னாசியைத் தொடக்கூடாது என்பது எங்கள் சனங்களின் கட்டுப்பாடு. அளவாகத் தின்றால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர்கள் சொல்வதை நான் கேட்டதெல்லாம் வளர்ந்த பிறகு. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்தவருக்கு அந்த ஆசையை அடக்குவதா பெரிய காரியம்!

பிறகொரு நாள் பள்ளிவிட்டு வந்தால், வீடெங்கும் பழைய வாசம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த சித்தி, அடுப்படி மேசையில் ஒரு முழுப் பழத்தை அறுத்து வைத்து, உப்பில்லாமல் துண்டு துண்டாகத் தின்றுகொண்டிருந்தார். அம்மா தடுக்கவில்லை. வாசலில் சித்தப்பா குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவாமல் நின்றார்.

எனக்கு ஒரே குஷி. "வயிறு சரியாயிடுச்சா சித்தி? இனிமே சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம்டி. எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம்."

ஒரு துண்டை எனக்கு ஊட்டினார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. பாவம், நாக்கு எரிகிறது போல என்று, நான் ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்துவந்து கொடுத்தேன்.