கன்டெய்னருக்குப் போட்ட பூட்டு

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்காக ஓர் ஆப் நடத்துகிறோம். முட்டை ஏற்றிய லாரியைப் படம் பிடித்துப் போட்டால், வாங்குகிற வியாபாரிக்கு உடனே தெரிந்துவிடும். ஆப் ஓடுவது கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த கணினியில். மற்ற புரோகிராம்களோடு கலக்காமல் தனியே அடைத்து வைத்த அந்த இடத்தைக் கன்டெய்னர் என்போம்.

போன ஆடியில் ஒரு நாள் காலை ஆப் அசையவே மறுத்தது. என்னோடு வேலை பார்க்கும் ஆத்தூர்க்காரப் பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராம் அங்கே உட்கார்ந்து எங்கள் கணினியின் சக்தியைத் தின்று யாருக்காகவோ கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருந்தது. படம் ஏற்றும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாக எவனோ அதை எழுதி வைத்திருக்கிறான். அந்தக் கன்டெய்னரையே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஓடவிட்டோம். டீ குடித்து வருவதற்குள் மறுபடி வந்துவிட்டான்.

ஆத்தூர்க்காரப் பெண்ணுக்குக் கோபம். ஓட்டையைத் தேடி அடைக்க நேரமாகும், அதுவரை உள்ளே எவனும் எதையும் எழுத முடியாமல் செய்துவிடலாம், படிக்க மட்டும் அனுமதி போதும் என்றார். ஒரே வரி மாற்றம்தான். கொஞ்ச நேரத்தில், அவன் எழுதப் பார்த்துத் தோற்றதெல்லாம், நடப்பதைப் பதிந்துவைக்கும் லாகில் வரிசையாக வந்து விழுந்தது. பார்க்கப் பார்க்க ஆனந்தம்.

அப்போது நாமக்கல்லிலிருந்து ஒரு பண்ணைக்கார அம்மாவின் போன்.

“ஏனுங்க, போட்டோ ஏறவே மாட்டேங்குது. லாரி கெளம்பாம நிக்குதுங்க.”

“கன்டெய்னர்ல ஒரு கோளாறுங்க. பாத்துட்டு இருக்கோம்.”

“கன்டெய்னரா? நம்முளுது சாதா லாரிதானுங்க.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு தேடினோம். படம் சேமிப்புக்குப் போகுமுன் கன்டெய்னருக்குள் கொஞ்சம் தங்கிப் போக வேண்டும். அதற்கும் எழுத அனுமதி தேவை என்பதை நாங்கள் யோசிக்கவேயில்லை. ஒரே ஒரு தற்காலிக ஃபோல்டரை மட்டும் திறந்துவிட்டோம். அளவு சின்னது; அதில் எந்தப் புரோகிராமை வைத்தாலும் ஓட்ட முடியாது. படம் ஏறியது. திருடனுக்குப் போட்ட பூட்டில் அந்த அம்மாவும் மாட்டிக்கொண்ட கதையை அவரிடமே சொன்னேன்.

“பூட்டுங்க, வேண்டாங்கல. சொல்லிப்போட்டுப் பூட்டுங்க சாமி.”

சாயங்காலத்துக்குள் ஓட்டையையும் கண்டுபிடித்து அடைத்தோம். இப்போது எதை மாற்றினாலும் முதல் போன் அந்த அம்மாவுக்குத்தான். கையில் கிடைத்ததைப் படம் எடுத்துப் போட்டுப் பார்த்து, ஏறிவிட்டது என்பார். போன வாரம் வந்தது, பாதி தின்ற பணியாரத் தட்டு.