தங்கையின் காருக்கு நான் போட்ட காவல்

ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் யார்டில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். தொழிற்சாலையில் இருந்து வரும் புது வண்டிகள், லாரி ஏறி ஊர் ஊராகப் போகும்வரை எங்களிடம்தான் நிற்கும். சில வண்டி இரண்டு நாளில் கிளம்பிவிடும். யாரும் சீந்தாத கலரில் வந்து தொலைத்த வண்டி எட்டு மாதம் வெயில் காயும். நான் இன்சார்ஜ் ஆன பிறகு அங்கிருந்து ஒரு வண்டி இல்லை, ஒரு ஸ்டெப்னி கூடப் போனதில்லை. இதைத் தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

அதனால் என் தங்கையை அவள் கம்பெனி பதினோரு மாதத்துக்குப் புனேவுக்கு அனுப்பியபோது, காரை யாரிடம் விட்டுப் போவது என்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் போலியோ வந்து அவளுக்கு இரண்டு காலும் பலம் போய்விட்டது. காலுக்கு இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பாள். காரில் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கைப்பிடி பொருத்தியிருக்கும். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். அதைப் பொருத்த, அதற்கு ஆர்டிஓவில் அனுமதி வாங்க, லைசென்ஸ் எடுக்க என்று ஒன்றரை வருஷம் நடையாய் நடந்தாள். அதற்குமுன் பள்ளிக்கூடம், காலேஜ், வேலை, கோயில் எல்லாவற்றுக்கும் என் பைக்கின் பின்சீட்டில்தான் போய் வந்தாள். நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவளும் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

பொங்கல் முடிந்து கிளம்பும் அன்று சாவியை என் கையில் வைத்து, "அண்ணா, இது போச்சுன்னா மறுபடியும் எங்க போவணும்னாலும் உன்னைக் கேட்டுகினு நிக்கணும். அது மட்டும் என்னால முடியாது" என்றாள். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும், யாரிடம் கொடுத்துவிட்டு யாருக்குப் பயப்படுகிறாள் இவள் என்று சிரித்துக்கொண்டேன்.

கார் திருடுகிறவன் அடிப்படையில் சோம்பேறி. இது என் அனுபவம். அவனுக்குப் பத்து நிமிஷ வேலை வைத்தால் அடுத்த தெரு வண்டிக்குப் போய்விடுவான். நான் அரை நாள் வேலை வைத்தேன். எங்கள் வீடு பென்னலூர் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் பள்ளமாக ஒரு காலி இடம், அதை ஒட்டி மேட்டில் வாடகைக்கு விட்ட அறைகள் வரிசையாக இருக்கும். காரை மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, முன் சக்கரத்தை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி ஸ்டீயரிங்கைப் பூட்டினேன். புதுப்பேட்டையில் வாங்கிய இரும்புப் பூட்டைச் சக்கரத்தில் மாட்டினேன். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டேன். பளபளக்கிற கவர் போட்டால் உள்ளே நல்ல வண்டி இருக்கிறது என்று நாமே தண்டோரா போட்ட மாதிரி, அதனால் பழைய தார்ப்பாயைப் போர்த்தினேன். அதன் கயிற்றில் நான் போடுகிற முடிச்சு எனக்கு மட்டும்தான் தெரியும், எவன் தொட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். கம்பெனி பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன் என்பதால் என் பைக்கைக் காரின் பின்னால் குறுக்கே நிறுத்திச் சங்கிலி போட்டேன். ஆர்சி புத்தகமும் சாவியும் பீரோவுக்குள் போயின.

இதெல்லாம் போதாது என்று ஒரு பொய்யும் சொல்லி வைத்தேன். வாடகைக்கு இருக்கிறவர்கள், பால்காரர், கேபிள்காரர் எல்லோரிடமும், இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது, காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டி என்றேன். நண்பர்கள் கேமரா வைக்கச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு போகிறவனை டிவியில் பார்த்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டேன். என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. திருடனை விடு, உனக்கே இந்த வண்டியை வெளியே எடுக்க ஒரு பொழுது ஆகிறது என்பாள்.

ஞாயிறு தோறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எனக்கு அதுதான் வேலை. தார்ப்பாயை உருவி, சக்கரப் பூட்டைக் கழற்றி, ஒயரை மாட்டி, இன்ஜினைப் பதினைந்து நிமிஷம் ஓட விடுவேன். டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கக்கூடாது என்று முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் நகர்த்துவேன். ஒரு போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்புவேன். அவள் ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்புவாள். அப்புறம் எல்லாப் பூட்டும் மறுபடி போடப்படும். ஒன்பது மாதம் இப்படி ஒரு வாரம் தவறாமல் நடந்தது. எனக்கே என்னை நினைத்தால் திருப்தியாக இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமை, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே யார்டில் இருந்து போன் வந்தது. தாழ்வான பக்கம் தண்ணீர் புகுந்துவிட்டது, ஆள் போதவில்லை, உடனே வரவேண்டும் என்றார்கள். ஞாயிறு கம்பெனி பஸ் கிடையாது. இன்ஜினை அணைத்து இறங்கி, கதவைச் சாத்தி, சங்கிலியை அவிழ்த்து பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தார்ப்பாயை மட்டும் மேலே இழுத்துப் போடச் சொல்லி மனைவியிடம் கத்தினேன். அவளும் போட்டாள்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். வீட்டுக் காரில் சாவியை விட்டு இறங்குகிறவன் முட்டாள். யார்டில் அப்படி இல்லை. ஒரு டிரைவர் நிறுத்துகிற வண்டியை அடுத்த ஷிப்டில் வேறொரு டிரைவர் எடுப்பான். ஆயிரம் வண்டிக்கு ஆயிரம் சாவியைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. அதனால் வண்டியை நிறுத்தியதும் சாவியை இரண்டு சீட்டுக்கு நடுவில் டம்ளர் வைக்கிற குழியில் போட்டுவிட்டு, கதவைப் பூட்டாமல் இறங்க வேண்டும். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவனுக்கு மெமோ. அப்படி எத்தனையோ பேருக்கு நானே மெமோ எழுதியிருக்கிறேன்.

நான்கு நாள் யார்டிலேயே கிடந்தோம். கம்பெனி வண்டிகளை ஒவ்வொன்றாக மேட்டுக்கு ஏற்றினோம். சாப்பாடு கேன்டீனில், தூக்கம் ஆபீஸ் பெஞ்சில். வீட்டில் கூரை ஒழுகுகிறது, மணிமங்கலத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று மனைவி திங்கட்கிழமை சொன்னாள். அதற்குப் பிறகு என் போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. ஒரு வண்டிக்குள் கூட நாங்கள் தண்ணீர் போக விடவில்லை. வியாழக்கிழமை மழை விட்டதும், நண்பர் ஒருவரின் பழைய போனில் என் சிம்மைப் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தித்தான் வீட்டுக்கு வந்தேன்.

பின்பக்கம் கார் இல்லை. சேறு மட்டும் இருந்தது. தார்ப்பாய் வேலிக் கம்பியில் சுற்றிக்கொண்டு கிடந்தது. நான் முதலில் வீட்டுக்குள் ஓடி பீரோவைத் திறந்தேன். ஆர்சி புத்தகம் இருந்தது, சாவி இல்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை என் கை செய்த காரியம் எனக்குத் தெரிந்தது. சாவியைக் குழியில் போட்டிருக்கிறேன். கதவைப் பூட்டவில்லை. சக்கரப் பூட்டு மாட்டவில்லை, ஒயரைக் கழற்றவில்லை, குறுக்கே நின்ற பைக்கையும் நானே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒன்பது மாதம் காவல் காத்துவிட்டு, வாங்க எடுத்துக்குங்க என்று நானே திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

வாடகை அறைகளில் ஒன்று விடாமல் தட்டினேன். எல்லாம் பூட்டியிருந்தன, எல்லோரும் ஷிப்டில். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த ஏட்டம்மா டீ கொடுத்து உட்கார வைத்து, பொறுமையாகத்தான் கேட்டார். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்றார். தங்கை பெயரில் என்றேன். அப்படியானால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள், அவர் கைப்பட ஒரு புகார் எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்றார். அதற்குமேல் தள்ளிப்போட வழியில்லை. ஸ்டேஷன் வாசலில் புங்க மரத்தடியில் நின்று தங்கையைக் கூப்பிட்டேன்.

மழை, வெள்ளம், திருட்டுக் கும்பல் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. "வண்டி போச்சும்மா. சாவியை வண்டியிலேயே வுட்டுட்டேன்" என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சரிண்ணா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். முதல் ஷிப்ட் பஸ்ஸில் இருந்து கடைசி அறையில் குடியிருப்பவர் இறங்கி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நாற்பது வயது, வேறொரு கம்பெனி யார்டில் டிரைவர். உண்மையைச் சொல்கிறேன், சந்தேகம் என்று எனக்கு யார்மேலாவது இருந்ததென்றால் அது அவர்மேல்தான். வண்டி ஓட்டத் தெரிந்த ஆள், பக்கத்திலேயே இருக்கிற ஆள். என் முகத்தைப் பார்த்ததும் அவரே பேசினார்.

"அண்ணாச்சி, வண்டி தண்டலம் கல்யாண மண்டபத்து மேட்டுல நிக்கி. திங்கக்கிழமை ஏரித் தண்ணி உள்ள ஏறிச்சுல்லா. உங்க நம்பர் எங்கிட்ட இல்ல, கேட்டுல சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போனேன்."

சீட்டு மழையில் கரைந்து போயிருந்தது. சாவி உள்ளே இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கதவைத் திறந்தேன், கை தானாகக் குழிக்குள் போனது, சாவி இருந்தது என்றார். அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இன்ஜின் ஜாம் ஆன வண்டியை எதற்காகக் காப்பாற்றினீர்கள் என்று அசடு வழியக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் ஊருக்கே கேட்கும் என்றார். அப்புறம் பின்பக்கம் கூட்டிப் போய், சுவரில் இடுப்பு உயரத்துக்குப் படிந்திருந்த சேற்றுக் கோட்டைக் காட்டினார். அதுவரை அது என் கண்ணில் படவே இல்லை. நான் நினைத்தபடி எல்லாப் பூட்டும் போட்டிருந்தால் அந்தக் கார் அங்கேயே நின்று மூழ்கியிருக்கும்.

அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு தண்டலம் போனேன். மண்டபத்துப் பந்தலின் கீழ் கார் நின்றது. உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கிருந்தே தங்கையைக் கூப்பிட்டேன். கார் கிடைத்துவிட்டது, பத்திரமாக இருக்கிறது என்று நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. அழுதாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது கூட அவள் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"அண்ணா, இங்கயே பர்மனென்ட்டா இருந்துக்கறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

நான் திகைத்துப்போனேன். ஒரு மணி நேரத்திலா முடிவு பண்ணினாய் என்று கேட்டேன். இரண்டு மாதமாகவே அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இவள்தான் ஊருக்குப் போகிறேன் என்று மறுத்து வந்திருக்கிறாள். அங்கே குவார்ட்டர்ஸ் இருக்கிறது, வாசலுக்கு வேன் வருகிறது, சர்ச்சுக்குக் கூட அதே வேன்தானாம்.

"வண்டி இல்லாம அங்க வந்து இன்னா பண்றது? மறுபடியும் உன் பின்னால ஒக்காந்துகினு வர்றதா?"

எனக்குக் கோபம் வந்தது. வீடு இருக்கிறது, அண்ணன் இருக்கிறேன், அண்ணி இருக்கிறாள், இதற்கெல்லாம் மேலா இந்த நாலு சக்கரம் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. நான் சுமந்ததெல்லாம் அவளுக்குச் சுமையாகத்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. வலித்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷமும் அவளை எங்கிருந்து கூப்பிட்டாலும், நான் இருக்கேன், வா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"வண்டி கீது. வா" என்றேன்.