அக்கா கேட்ட வாத்து

என் அக்கா வீட்டுக்காரர் தன்னை வேட்டைக்காரர் என்று சொல்லிக்கொள்வார். என்னைப்போலவே பொழுதெல்லாம் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு ஏன் இந்த வேஷமோ! இரவல் துப்பாக்கி, காதை மூடிய மஃப்ளர், அதற்குமேல் பீற்றல். அவர் வேட்டைக்குப் போவதே சாப்பிடத்தான் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

அறுபதுகளின் கடைசி. அக்காவுக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாதம். ஏரி வாத்துக் கறிமேல் ஆசை வந்துவிட்டது. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அக்கா அதை முழுசாக நம்பினாள். தனக்கென்று வாய் திறந்து எதுவும் கேட்காதவள், பிள்ளைக்குப் பயந்து கேட்டாள்.

"இவ்ளோதானா? தென்னேரி ஏரில கொட்டிக் கெடக்குது," என்றார் மாமா.

தை மாதம். விடியுமுன்னே அந்த வயிற்றோடு எழுந்து, மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு இட்லி அவித்தாள். குழம்பைத் தூக்கில் ஊற்றி, சூடு ஆறாமல் துணி சுற்றிக் கொடுத்தாள். மாமாவும் நானும் சைக்கிளில் போனோம். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பது சும்மா இல்லை, கரையில் எனக்குப் பல் கிட்டியது. நம்ம வேட்டைக்காரத் துரை முதலில் துப்பாக்கியையா எடுத்தார்? தூக்கைத் திறந்தார். இட்லியைக் குழம்பில் புரட்டி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"குளுருக்கு இதாம்பா சொர்க்கம்."

சொர்க்கமாம்! எனக்கு இரண்டு மிஞ்சின. அந்தக் குளிரில் அவையும் அமிர்தமாகத்தான் இருந்தன, பொய் சொல்லக்கூடாது.

பிறகு சுட்டார். குருட்டாம்போக்கில் ஒரு வாத்து விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நான்தான் எடுத்துவந்தேன்.

"அடடா, நடுங்கினு கீறியே மச்சான்," என்று சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார். என்மேல் அக்கறை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் மனுஷன் வாத்தின் இறகைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

"மாமா, அது அக்காவுக்கு."

"இன்னொண்ணு அடிச்சா போவுது. சூடா ஒரு வாய் துன்னாதான் கை நிக்கும்."

புகை எழும்பியதும் மிச்சமிருந்த பறவைகள் அத்தனையும் எதிர்க்கரைக்குப் பறந்துவிட்டன. மகா வேட்டைக்காரருக்கு அது உறைக்கவே இல்லை. தொடையைச் சப்பிக்கொண்டே எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். தூ! நான் தொடவில்லை. எலும்புவரை அவரே தின்று முடித்தார்.

வீட்டில் அக்கா மசாலா அரைத்து வழித்து வைத்துவிட்டு, அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் மாட்டலமா. ஒரே பனி," என்றார்.

அக்கா கிட்டே போய் அவர் மஃப்ளரை அவிழ்த்தாள். சுட்ட கொழுப்பின் வாடை எனக்கே அடித்தது. அவளுக்கு அடிக்காமலா இருக்கும்? கிழிகிழி என்று கிழிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

அந்த ஆள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"உப்புதான் இல்ல," என்றார்.